மூன்றாம் வரிசைத் துளைகள்

பிப்ரவரி 4

அன்புள்ள தங்கைக்கு,

இந்தக் கடிதம் எழுதும்போது கூடத்தில் இருப்பவர்கள்: சோபாவில் உன் மாமா, அதாவது என் வீட்டுக்காரர். அவர் பக்கத்தில் அவருடைய அண்ணன், உன் கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர், நீ பெரிய மாமா என்று கூப்பிடுகிறவர். ஜன்னலோர நாற்காலியில் அவர் மனைவி, என் ஓரகத்தி. சாப்பாட்டு மேஜையில் பேனாவோடு நான். மாமியார் தன் அறையில் படுத்திருக்கிறார். கதவு திறந்திருப்பதால் அவரையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆக ஐந்து பேர்.

நீ போனை எடுப்பதில்லை. "அந்த வீட்டுப் போன் எப்பவும் ஸ்பீக்கர்லதான் இருக்கும், நான் ஊர்வலத்தோட பேச மாட்டேன்" என்று சொன்னாயாம். அதனால் கடிதம். அவர்கள் சொல்கிறார்கள், நான் எழுதுகிறேன். எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகே உறை ஒட்டப்படும்.

பெரிய மாமா சொல்வது: மின்நிலையத்துக்குப் போகும் புதிய டர்பைனின் பிளேடுக்கான குளிர்விப்புக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஓட்டியவள் நீ. ஓட்டியவரே அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது வாங்குகிறவர்களின் நிபந்தனை. நீயோ கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் "ஏற்கவில்லை" என்று கிறுக்கிவிட்டாய். (எழுதிவிட்டாய் என்று போட்டேன். கிறுக்கிவிட்டாய் என்றே இருக்கட்டும் என்கிறார்.) அவருடைய முறையை இத்தனை வருஷத்தில் யாரும் இப்படிக் கேவலப்படுத்தியதில்லை. உன்னைத் தொலைவில் இருக்கும் சோதனை நிலையத்துக்கு மாற்றியது தண்டனை இல்லை, யோசிப்பதற்கு அவகாசம்.

உன் மாமா சொல்வது: அதே கம்பெனியில் அவர் பார்க்கும் பட்டறையில் அறுநூறு பிளேடுகளுக்குத் துளை போட்டாகிவிட்டது. பிளேடுகள் நேரத்துக்குப் போனால் இரண்டு பட்டறைகளுக்கும் அவர்தான் பொறுப்பாளர். போகாவிட்டால் இல்லை. இதைச் சொல்லும்போது அவர் தரையைத்தான் பார்த்தார். இந்த வரியை அவர் எழுதச் சொல்லவில்லை. வாசிக்கும்போது விட்டுவிடுவேன்.

ஓரகத்தி சொல்வது: உனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே தப்பு.

மாமியார் உள்ளேயிருந்து கேட்பது: சாப்பிட்டாளா?

முடிவு இது. மாதக் கடைசிக்குள் நீ கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது, நானும் உனக்கு எழுதக் கூடாது. இது எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு. எல்லாரும் என்பதில் நானும் உண்டு என்று எழுதச் சொல்கிறார்கள். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
அக்கா

கம்பளிச் சட்டை தனிப் பார்சலில் வருகிறது. அங்கே காற்று அதிகம் என்றார்கள்.


பிப்ரவரி 10

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. கம்பளிச் சட்டையும் வந்தது. இந்தப் பதில் உன் கைக்கு வருமுன் கூடத்தில் உன் ஓரகத்தி பெரியக்காதான் உரக்க வாசிப்பார் என்று தெரியும். வணக்கம் பெரியக்கா. குரலை உயர்த்த வேண்டிய இடங்களில் அடிக்கோடு போட்டிருக்கிறேன். மூச்சு வாங்கிக்கொண்டு வாசியுங்கள்.

அத்தை, சாப்பிட்டேன்.

கையெழுத்துப் போட மாட்டேன். முதல் அடிக்கோடு இதற்குத்தான்.

ஏன் என்று பெரிய மாமாவுக்குத் தெரியும். மாமாவுக்குப் பாதி தெரியும். மற்றவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நான் சொல்கிறேன். டர்பைனுக்குள் வரும் வாயுவின் சூட்டுக்கு பிளேடின் உலோகம் உருகிப்போக வேண்டும். உருகாமல் இருக்க ஒரு ஏற்பாடு இருக்கிறது. பிளேடு உள்ளே குடைவானது. அந்தக் குடைவுக்குள் குளிர்ந்த காற்றை அனுப்புகிறோம். மேற்பரப்பில் வரிசை வரிசையாக இருக்கும் பொடித் துளைகள் வழியாக அது வெளியே வந்து, பிளேடின் மேலேயே ஒரு மெல்லிய படலமாகப் படிந்து ஓடுகிறது. சூடான வாயு அந்தப் படலத்தின் மேல்தான் ஓடும். படலம் இருக்கும்வரை பிளேடு பிழைக்கும்.

படலம் எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவது என் வேலை. காற்றைக் கோடிக்கணக்கான சின்னக் கட்டங்களாகப் பிரித்துவிடுவோம். ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்திடம் உன் வேகம் என்ன, உன் சூடு என்ன என்று கேட்டுக்கொண்டே இருக்கும். எல்லாம் ஒத்துப்போகும்வரை ஓட விட வேண்டும். நம் கூடத்தைப் போலத்தான். என்ன, அங்கே யாரும் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பதில்லை.

பெரிய மாமாவின் முறையில் கணக்கு துளையின் வாயில்தான் தொடங்கும். காற்று அங்கே ஒழுங்காக, ஒரே சீராக வந்து நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வார். அதற்குமுன் உள்ளே அது என்ன பாடுபட்டது என்று கேட்க மாட்டார். கேட்காவிட்டால் கணக்கு ஒரே நாளில் முடிந்துவிடும். நான் உள்குடைவையும் துளையின் முழு நீளத்தையும் சேர்த்துப் போட்டேன். கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஓடியது. குடைவிலிருந்து துளைக்குள் திரும்பும்போது காற்று ஒரு பக்கச் சுவரை விட்டு விலகி, மறுபக்கமாக நெருக்கியடித்துக்கொண்டு வருகிறது. பாதி வாய் வழியாக முழுக் காற்றும் வந்தால் பீய்ச்சி அடிக்கும். படியாது, எழும்பிவிடும். எழும்பினால் அடியில் சூடு புகுந்துவிடும். முதல் இரண்டு வரிசைகள் தேவலை. மூன்றாம் வரிசைக்குப் பின்னால் படலமே இல்லை.

பெரிய மாமா அதற்குச் சொன்ன வைத்தியம், காற்றைக் கூட்டு. கூட்டினால் இன்னும் எழும்பும். இரண்டாவது அடிக்கோடு: குளிர்ந்த காற்றைக் கூட்டக் கூட்ட பிளேடு சூடாகிறது.

அவருக்கு ஒரு சாட்சி உண்டு. சூட்டுக்கு நிறம் மாறும் பெயின்டைப் பூசி, சில வருஷங்களுக்கு முன் ஒரு பிளேடை ஓட்டிப் பார்த்தார்கள். நிறமும் அவர் கணக்கும் அச்சு அசலாகப் பொருந்தின. அதிலிருந்து அவரிடம் யாரும் எதிர்த்துப் பேச முடிவதில்லை. ஆனால் அன்று ஓட்டியது குறைந்த காற்றில். குறைந்த காற்றில் யார் கணக்குப் போட்டாலும் படலம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். மின்நிலையத்தில் ஓடப்போவது அதைப் போல் இரண்டு மடங்கு காற்றில். அங்கே பிளேடு வெடித்துத் தெறித்தால் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் யார் கணக்கு சரி என்று கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

வீட்டுப் படி ஏறக் கூடாது என்றால் ஏறவில்லை. அம்மா அப்பா போன பிறகு எனக்கு இருப்பது அந்த ஒரு வீடுதான் என்பதையும் சேர்த்து யோசித்துத்தான் முடிவு எடுத்திருப்பீர்கள். அந்த முடிவிலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

எல்லாரும் என்பதில் நானும் உண்டு என்று எழுதியிருக்கிறாய். உண்டா அக்கா?

தங்கை


பிப்ரவரி 17

வாலு,

நான் இப்போது இருப்பது தையல்காரம்மாவின் கடையில். ரவிக்கை அளவு கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அளவும் கொடுத்துவிட்டேன், பொய்யில்லை. இனி பதிலை உறையின் பின்புறம் எழுதியிருக்கும் இந்தக் கடை விலாசத்துக்கு அனுப்பு. தையல்காரம்மா நல்ல மனுஷி. "அக்கா தங்கச்சி கடுதாசிக்குக் கூலி வாங்க மாட்டேன், ரவிக்கைக்கு மட்டும் வாங்கிக்கிறேன்" என்கிறார்.

உன் கடிதத்தை ஓரகத்தி வாசித்தாள். முதல் அடிக்கோட்டில் குரல் கம்மியது. மாமியார் உள்ளேயிருந்து, "உரக்க வாசின்னு எழுதியிருக்கா இல்ல, வாசியேன்" என்றார். பெரிய மாமா எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார், திரும்பி வந்தார், மறுபடியும் போய்த் தண்ணீர் குடித்தார். கடைசியில், "நேத்து வந்தவ எனக்குக் காத்தைப் பத்திப் பாடம் எடுக்கறா" என்று மட்டும் சொன்னார். உன் மாமா ஒரு வார்த்தை கேட்டார். "மூணாம் வரிசையா?" அவ்வளவுதான். எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்ததும் செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

இப்போது என் கோபத்தைச் சொல்கிறேன். இது யாரும் சொல்லி எழுதுவது இல்லை.

உனக்குக் கோபம் வந்தால் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். நான் கிளம்ப முடியாது. நீ அங்கே உட்கார்ந்து எழுதும் நக்கலுக்கெல்லாம் பதில் என் தட்டில் விழுகிறது. ஓரகத்தி என்னோடு பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துக் கேட்கிறாள். உன் மாமா இத்தனை காலம் அண்ணனுக்குப் பின்னால் நடந்தே பழகியவர். முதல் தடவையாக ஒரு பதவி அவர் பெயருக்கு வருகிறது. மனுஷன் ஆசைப்படக் கூடாதா? அவர் அந்தச் சம்பளத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. இரண்டு பட்டறைக்கும் சேர்த்து ஒரே சாவிக்கொத்து வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று நீ பார்க்கவில்லை.

பரணில் கிடந்த உன் கல்லூரிப் புத்தகத்தை எடுத்து இரண்டு மத்தியானம் உட்கார்ந்தேன். மருந்துச் சீட்டையும் மின்சார ரசீதையும் எழுத்துக் கூட்டிக் கூட்டியே இங்கிலீஷ் கற்றுக்கொண்டவள் நான், அந்தத் திமிரில்தான் எடுத்தேன். கணக்கு ஒன்றும் ஏறவில்லை. படங்கள் புரிந்தன. துளையிலிருந்து வரும் காற்று வளைந்து படிவதற்கு ஒரு படம், படியாமல் எழும்புவதற்கு ஒரு படம். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். என் வீட்டுக் கணக்கில் நான் நடக்காததை நடந்ததாக எழுதியதில்லை. நீ தெரியாததைத் தெரிந்ததாக எழுதியிருக்கிறாயா? சாமி முன்னால் நிறுத்திக் கேட்பதாக நினைத்துக்கொள். உனக்கே நிச்சயமா? இல்லை, பெரிய மாமாவைத் தோற்கடித்துப் பார்க்கும் ஆசையா?

உண்டா என்று கேட்டாய். நீ முதலில் சொல், அப்புறம் நான் சொல்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 24

அக்கா,

ஆசையும் உண்டு. அவர் கூட்டத்தில் என்னைப் பார்த்து, "நீ கலர் கலரா படம் போடு, முடிவு நாங்க எடுக்கறோம்" என்று சொன்ன நாளிலிருந்து உண்டு. ஆனால் அந்த ஆசைக்கு முன்னாலேயே கணக்கு ஓடி முடிந்துவிட்டது. தேதி கம்ப்யூட்டரில் இருக்கிறது.

நிச்சயமா என்று கேட்டாய். சாமி முன்னால் என்றும் எழுதிவிட்டாய், வேறு வழியில்லை. என் கணக்கும் பொய் சொல்லும் அக்கா. சுழன்று சுழன்று சிதறும் காற்றை எந்தக் கம்ப்யூட்டரும் முழுசாகப் பிடிப்பதில்லை. நாங்கள் ஒரு சராசரியை வைத்துச் சமாளிக்கிறோம். அந்தச் சராசரிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. படலம் நிஜத்தில் எழும்புவதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே எழும்புவதாகக் காட்டும். எவ்வளவு அதிகம் என்று எனக்குத் தெரியாது. பெரிய மாமா அதைத்தான் பிடித்துக்கொள்கிறார், அதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. மூன்றாம் வரிசைக்குப் பின்னால் உலோகத்தின் சூடு வரம்பைவிட ஐம்பது டிகிரி தாண்டுகிறது என்று என் கணக்கு சொல்கிறது. அதில் பாதி பொய்யென்று கழித்தாலும் தாண்டுகிறது. முழுக்கப் பொய்யென்றால் நான் முட்டாள்.

முட்டாளா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு பிளேடு போதும். இங்கே எனக்குக் கொடுத்திருக்கும் வேலை கொட்டகையில் கிடக்கும் பழைய குழாய்களை எண்ணி எழுதுவது. அந்தக் கொட்டகைக்குப் பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் சோதனை அடுப்பு இருக்கிறது. பிளேடில் பெயின்டைப் பூசி, மின்நிலையத்தில் ஓடப்போகும் அதே முழுக் காற்றில் ஓட்ட வேண்டும். அவ்வளவுதான். இங்கே பொறுப்பாளர் ஒரு தூங்குமூஞ்சி மனிதர், ஆனால் நேர்மையானவர். அவரிடம் கேட்டேன். "பிளேடு வந்தா ஓட்டிடலாம்மா. அடுப்பு சும்மாதான் கிடக்குது. ஆனா பட்டறைச் சீட்டு இல்லாம ஒரு ஆணிகூட உள்ள வராது" என்றார்.

பட்டறைச் சீட்டில் கையெழுத்துப் போடுகிறவர் உன் வீட்டில்தான் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருக்கிறார்.

மாமாவிடம் கேட்பாயா? ஒரு பிளேடு. மூன்றாம் வரிசையில் படலம் ஒட்டிக்கொண்டிருந்தால் அன்றைக்கே அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறேன். கூடத்துக்கு வந்து ஐந்து பேர் முன்னாலும் பெரிய மாமாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நான் நேராக மாமாவைக் கேட்டால் அது அண்ணன் தம்பி சண்டையாகிவிடும். நீ கேட்டால் புருஷன் பெண்டாட்டி சண்டை, அது உங்களுக்குப் பழக்கம்.

என் நக்கல் உன் தட்டில் விழும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். சாவிக்கொத்து விஷயமும் எனக்குத் தெரியாது.

தங்கை


மார்ச் 5

வாலு,

கேட்டேன். சாப்பாடு முடிந்து அவர் கை கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"ஒரு பிளேடு வேணும்."

"மேல் அலமாரில இருக்கு பாரு, கண்ணாடிக்குப் பின்னாடி."

"அது இல்ல. உங்க பட்டறை பிளேடு."

குழாயை மூடாமல் திரும்பிப் பார்த்தார். நான் மூடினேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணனுக்கு எதிரா நான் சீட்டுப் போடணுமா?"

"எதிரா இல்ல. ஒரு தடவை ஓட்டிப் பாக்க."

"ஓட்டிப் பாத்து அவ சொன்னபடியே ஆயிடுச்சுன்னா? அறுநூறு பிளேடையும் என்ன பண்றது, மாலையா கோத்துப் போட்டுக்கறதா?"

"அவ சொன்னபடி ஆகலைன்னா அவ வந்து மன்னிப்புக் கேக்கறா. உங்க பிளேடும் போகும், பதவியும் வரும். பயப்படறது யாரு?"

"நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்."

"நான் எதுக்குமே படிக்கல. அதனாலதான் கேக்கறேன்."

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். ஆனால் நம் வீட்டுச் சமையலறைச் சுவர் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். அந்தப் பக்கம் ஓரகத்தி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள், துலக்கும் சத்தம் வெகுநேரமாகக் கேட்கவில்லை.

மறுநாள் மறுபடியும் கூடம், மறுபடியும் அதே ஐந்து பேர், மறுபடியும் என் முன்னால் தாள். பெரிய மாமா நிதானமாகத்தான் ஆரம்பித்தார். மாதக் கடைசி தாண்டிவிட்டது, உன்னோடு இந்தக் குடும்பத்துக்கு இனி சம்பந்தமில்லை என்று எழுதச் சொன்னார். நான் பேனாவை மூடி வைத்தேன்.

"மை தீந்துடுச்சா?"

"இல்ல. நிறைய இருக்கு."

உன் மாமா என் பெயரைச் சொல்லி மெதுவாகக் கூப்பிட்டார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அப்போதுதான் ஓரகத்தி, நான் தையல் கடையிலிருந்து உனக்கு எழுதுவதைப் போட்டு உடைத்துவிட்டாள். ஒரு மாதத்தில் மூன்று ரவிக்கை தைத்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும், அது என் பிழை. பெரிய மாமா எழுந்து நின்று, "விளக்கு முன்னாடி வந்து சத்தியம் பண்ணு, இனிமே அவளுக்கு எழுத மாட்டேன்னு" என்றார்.

நான் சொன்னேன்: "சாமிகிட்ட நான் தினமும் பேசறேன். என் விஷயத்தைப் பேசறேன், இந்த வீட்டு விஷயத்தைப் பேசறேன். உங்களுக்குப் பதிலா போய்ப் பேசறதா இல்ல. உங்களுக்கு நிச்சயமா இருந்தா நீங்க விளக்கு முன்னாடி வந்து சொல்லுங்க, அந்தப் படலம் ஒட்டும்னு. நான் இப்பவே அவளைக் கையெழுத்துப் போடச் சொல்றேன்."

பெரிய மாமா விளக்குப் பக்கம் வரவில்லை.

"இவளுக்கு இவ்வளவு தைரியம் எங்கேர்ந்துடா வந்தது?" என்று பெரிய மாமா தம்பியைக் கேட்டார். மாமியார் அறையிலிருந்து பதில் வந்தது. "வந்த நாள்லேர்ந்து இருக்கு. நீங்க யாரும் அடுப்படிக்கு வந்து பாத்ததில்ல."

அதன் பலனையும் எழுதிவிடுகிறேன். அடுப்பு இரண்டாகிவிட்டது, ஓரகத்தி தனியாகச் சமைக்கிறாள். உன் மாமா தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்து சோபாவுக்குப் போய்விட்டார். சோபா அவர் உயரத்துக்குப் போதாது. கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. நான் போர்த்திவிடவில்லை. பிளேடும் வரவில்லை.

உன் கேள்விக்குப் பதில்: அந்த எல்லாரும் என்பதில் நான் இல்லை. அன்றைக்கும் இல்லை. எழுதியது மட்டும்தான் என் கை.

அக்கா


மார்ச் 9

அக்கா,

அறிக்கையை அனுப்பச் சொல். கையெழுத்துப் போடுகிறேன்.

இரண்டு நாள் கொட்டகையில் உட்கார்ந்து யோசித்தேன். நான் ஜெயித்தாலும் உன் வீடு இரண்டாகத்தான் கிடக்கும். நீ தனி அடுப்பில் சமைப்பதற்கும் மாமா சோபாவில் காலை நீட்டிக்கொண்டு படுப்பதற்கும் இந்த மூன்றாம் வரிசை ஈடாகாது. கணக்கு சரியாகவே இருக்கட்டும், எனக்கு என்ன வந்தது. மின்நிலையத்தில் வேலை செய்கிறவர்களை எனக்குத் தெரியாது. தெரியாதவர்களைப் பற்றி யோசிக்காமல் இருக்க எல்லாரும்தான் பழகியிருக்கிறார்கள், நானும் பழகிக்கொள்வேன். எங்கள் துறையில் என் வயதில் நிறையப் பேர் பழகிவிட்டார்கள், நன்றாகத்தான் தூங்குகிறார்கள்.

உனக்காகவும் மாமாவுக்காகவும்தான் போடுகிறேன் என்று அவரிடம் சொல். இந்தக் கடிதத்தையே காட்டிவிடு. சாவிக்கொத்து அவருக்கு வரட்டும்.

தங்கை


மார்ச் 14

வாலு,

காட்டச் சொன்னாய், காட்டிவிட்டேன். அதைச் சொல்வதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

எனக்காக நீ போடும் கையெழுத்து எனக்கு வேண்டாம். அதை வைத்துக்கொண்டு நான் எந்த முகத்தோடு விளக்கேற்றுவேன்? தெரியாதவர்களைப் பற்றி யோசிக்காமல் இருக்கப் பழகுவேன் என்று எழுதியிருக்கிறாய். பழகு, யார் வேண்டாம் என்றது. ஆனால் என் பெயரைச் சொல்லிப் பழகாதே. என் வீடு இரண்டானால் நான் ஒட்டிக்கொள்வேன், இல்லை இரண்டாகவே வைத்துக் குடித்தனம் பண்ணுவேன். அது என் சாமர்த்தியம். அதை உன் அறிக்கையில் கொண்டுபோய்ச் சேர்க்காதே. இன்னொரு தடவை இப்படி எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவேன், உன் மாமாவிடமும் காட்ட மாட்டேன்.

இப்போது உன் மாமா. சோபாவில் உட்கார்ந்துதான் வாசித்தார். மறுபடியும் வாசித்தார். "எனக்காகவும்னு போட்டிருக்காளே" என்றார்.

"ஆமா."

"எனக்காக எதுக்கு?"

"நீங்க கால் நீட்டிப் படுக்க முடியலைன்னு."

"நான் அவகிட்ட பிச்சை கேட்டேனா?"

எழுந்துவிட்டார். நான் இந்த மனிதரோடு இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறேன், இவ்வளவு கோபம் பார்த்ததில்லை. "என் பட்டறையிலேர்ந்து ஒரு சாமான் பரிதாபப்பட்டு வெளிய போனது கிடையாது. சரியா இருந்தா போகும், இல்லைன்னா உருக்கிடுவேன். அவ இரக்கப்பட்டுக் கையெழுத்துப் போடுவா, நான் அதை வாங்கிக்கிட்டுச் சாவியைத் தொங்கவிட்டுக்கணுமா?" கத்தியதில் மாமியார் எழுந்து வந்துவிட்டார். பக்கத்து அடுப்பில் ஓரகத்தியின் குழம்பு தீய்ந்தது.

மறுநாள் சாயங்காலம் அவர் வரும்போது கையில் துணி சுற்றிய ஒரு பொட்டலம். சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பிரித்தார். நான் என்னவோ பெரியதாக நினைத்திருந்தேன். என் உள்ளங்கையைவிடச் சற்று நீளம். ஒரு பக்கம் புடைத்து, ஒரு பக்கம் ஒடுங்கி, மீன் மாதிரி வளைந்திருந்தது. துளைகள் ஊசியால் குத்தினாற்போல. முதல் வரிசை, இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை என்று விரலை வைத்து எண்ணினேன். அடியில் இருக்கும் ஓட்டையில் வாயை வைத்து ஊதினேன். புறங்கையில் சில்லென்று பட்டது.

"விளையாட்டுச் சாமானா அது" என்றார். அப்புறம் என் கையிலிருந்து வாங்கி அவரும் ஊதிப் பார்த்தார்.

சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் போட்டார், அதையும் அவரே போய்ச் சொன்னார். பெரிய மாமா என்ன சொன்னார் என்று இவர் சொல்லவில்லை. திரும்பி வரும்போது காது சிவந்திருந்தது. இனி பதவி எந்தப் பக்கம் போகும் என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் அதைப் பேசிக்கொள்ளவும் இல்லை. பிளேடு இன்று காலை பார்சலில் கிளம்பிவிட்டது.

பெரிய மாமா இரண்டு நிபந்தனை சொல்லி அனுப்பியிருக்கிறார். எழுதியே கொடுத்திருக்கிறார்.

ஒன்று, ஓட்டுவதற்கு முன்னாலேயே நீ எழுதித் தர வேண்டும்: எவ்வளவு காற்று, மூன்றாம் வரிசைக்குப் பின்னால் எந்த இடத்தில், என்ன நிறம். அவரும் தன் கணக்குப்படி எழுதித் தருவாராம். இரண்டு உறையையும் சோதனை நிலையப் பொறுப்பாளர் முன்னால் பிரிக்க வேண்டும். இது நியாயம் என்று உன் மாமாவும் சொல்கிறார். "ஓட்டினதுக்கு அப்புறம் எல்லாரும் ஜோசியர்தான்" என்றார்.

இரண்டாவது, உன் கணக்கு தவறென்றால் நீ இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது. அந்த வரியை நான் அடித்துவிட்டேன். பெரிய மாமா பார்க்கும்படியாக, அவர் பேனாவை வாங்கியே அடித்தேன். பிளேடு கருகினால் உன் கணக்கு சரி, கருகாவிட்டால் தவறு, அது உனக்கும் அவருக்கும் அடுப்புக்கும் உள்ள பேச்சு. தவறாக இருந்தால் வந்து மன்னிப்புக் கேள், ஒப்புக்கொண்டிருக்கிறாய், விட மாட்டேன். கேட்டுவிட்டு உன் பழைய அறையில் படுத்துத் தூங்கு. சரியாக இருந்தாலும் அதே அறைதான், அதே கட்டில்தான். ஓரகத்தி முகத்தைத் திருப்பிக்கொள்வாள், இரண்டு பேரும் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். நீ வருவதற்கும் காற்று ஒட்டுவதற்கும் சம்பந்தமில்லை. இதை யாரும் சொல்லி நான் எழுதவில்லை.

நான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். உன் பக்கம் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டவில்லை, அப்படிக் கேட்க வாய் வரவில்லை. எது உண்மையோ அது தெரியட்டும் என்று மட்டும் கேட்கிறேன். உன் மாமா நேற்று பக்கத்தில் வந்து நின்றார். அவர் என்ன கேட்டார் என்று தெரியாது.

சோபாவில்தான் படுக்கிறார் இன்னும். ரோஷம். நேற்று போர்த்திவிட்டேன்.

எவ்வளவு காற்று, எந்த இடம், என்ன நிறம். தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டு வீட்டு விலாசத்துக்கே அனுப்பு. பிளேடை அடுப்பில் ஏற்றுமுன் எங்களுக்கு வர வேண்டும், உன் மாமா இரண்டு உறையையும் பிரிக்காமல் சேர்த்து அங்கே அனுப்புவார். சீக்கிரம் பதில் எழுது.

அக்கா